ஸ்பர்ஷ்: பணம் தவறுவதில்லை, பெயர் தவறினால் தவிர

ராணுவ பென்ஷன் வாங்குகிறவருக்கு, அந்தப் பென்ஷனை வழங்கும் இணையதளமான ஸ்பர்ஷ் வேண்டுமா வேண்டாமா என்று தேர்வு செய்யும் வசதி இல்லை. 2021இல் தொடங்கிய இந்தத் தளத்துக்கு, அதுவரை வங்கி, டி.பி.டி.ஓ. என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் வழங்கு அலுவலகம், கருவூலம் என்று பல வழிகளில் பென்ஷன் வாங்கியவர்களைக் கட்டம் கட்டமாக மாற்றினார்கள். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை பென்ஷன்தாரர்களுக்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு இது. கணக்குப் போடுவதும் பணம் அனுப்புவதும் பிரயாக்ராஜில் (பழைய பெயர் அலகாபாத்) உள்ள, பாதுகாப்புக் கணக்குத் துறையின் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலுவலகம். வங்கிக்கு இதில் வேலை, வந்த பணத்தைக் கணக்கில் சேர்ப்பது மட்டும்தான். பழைய பழக்கத்தில் வங்கி மேலாளரிடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மதிப்பெண் முதலிலேயே: உயிரோடு இருக்கிற, காகிதம் சரியாக உள்ள எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு 5க்கு 4. கணவர் இறந்த பிறகு ஃபேமிலி பென்ஷனுக்கு மாற வேண்டிய, பெயரும் பிறந்த தேதியும் பதிவில் சரியாக உள்ள மனைவிக்கு 3. பதிவில் பெயரே தப்பாக உள்ள மனைவிக்கு 1, அதுவும் இலவச உதவி மையங்கள் இருப்பதற்காக.

நல்லதைச் சொல்லிவிடலாம். ஓ.ஆர்.ஓ.பி., அதாவது ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திட்டம், 2014 ஜூலை 1ஐ அடிப்படையாக வைத்து வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் திருத்தப்பட்டது. வங்கிக் காலத்தில் அந்த அட்டவணையில் ரேங்க், குரூப், சர்வீஸ் ஆண்டு மூன்றையும் பார்த்து சரியான வரியை எடுக்க வேண்டியது வங்கியின் பென்ஷன் பிரிவு. பதினேழரை ஆண்டு சர்வீஸ் உள்ள நாயக் ரேங்க்காரரை 17 ஆண்டு வரியில் வைத்துவிட்டால், யாராவது கண்டுபிடிக்கும்வரை அந்தத் தொகைதான். இப்போது அந்த வேலை ஒரே இடத்தில் நடக்கிறது. திருத்தம் வந்தால் விண்ணப்பம் போடாமலே புதிய தொகை வருகிறது, மாறிய இ-பி.பி.ஓ.வை, அதாவது மின்வடிவப் பென்ஷன் ஆணையை, தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். பென்ஷன் ஸ்லிப், ஃபார்ம் 16 இரண்டும் லாகினுக்குள்ளேயே கிடைக்கின்றன. மாதக் கடைசியில் பணம் வராமல் போவது அரிது.

ஆனால் மாற்றலின்போது தப்பான தகவல் உள்ளே போயிருந்தால் தப்பும் அதே ஒழுங்கோடு மாதாமாதம் வரும். அதனால் முதல் லாகினில் கேட்கும் தகவல் சரிபார்ப்பை, அதாவது பி.டி.வி.யை, "ஓகே ஓகே" என்று தட்டிக்கொண்டே போகக் கூடாது. பக்கத்தில் பழைய பி.பி.ஓ.வும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்க வேண்டும். ரேங்க், குரூப், தகுதி சர்வீஸ், டிஸ்சார்ஜ் தேதி, இவற்றோடு கம்யூட்டேஷன் தேதியையும் பாருங்கள். படைவீரர்கள் பென்ஷனில் பாதிவரை கம்யூட் செய்யலாம், அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்; அதற்காக மாதாமாதம் பிடித்தம் இருக்கும். கம்யூட் செய்த நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் அந்தப் பிடித்தம் நிற்க வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்து நாற்பதை ஒட்டிய வயதில் வெளியே வருகிறவருக்கு இது ஐம்பத்தைந்தை ஒட்டிய வயதில் முடிந்துவிடும். தேதி காலியாகவோ தப்பாகவோ இருந்தால் பிடித்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்லிப்பில் அடிப்படை பென்ஷன், அதன் மேல் டி.ஆர். (அகவிலை நிவாரணம்), காயத்துக்கான தொகை இருந்தால் அது தனி வரி, அதற்கும் டி.ஆர்., கம்யூட்டேஷன் பிடித்தம், வருமான வரி. இந்த வரிகளை ஆண்டுக்கு ஒரு தடவையாவது கையால் கூட்டிப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி வரவில்லை என்று பலர் புகார் போடுகிறார்கள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். உறுப்பினருக்கு அது கிடையாது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு இ.சி.எச்.எஸ். கட்டாயம்.

இனி தகராறான இடம். தமிழ்நாட்டுக்காரருக்கு ஸ்பர்ஷில் முதல் வில்லன் இனிஷியல்.

வடக்கே செய்யும் படிவங்களில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று பெட்டி. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். சேர்க்கை முகாமில் எழுதியவர் கையில் அது எப்படி விழுந்ததோ அதுதான் சர்வீஸ் பெயர். பி.பி.ஓ.வில் "ஜி. முருகன்", ஆதாரில் "முருகன் கோவிந்தசாமி", பான் அட்டையில் "கோவிந்தசாமி முருகன்", வங்கிப் புத்தகத்தில் "முருகன் ஜி". ஊர் மொத்தத்துக்கும் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு நான்கு பேர். மனைவி பெயர் இன்னும் மோசம். கல்யாணமான புதிதில் யூனிட்டில் "லட்சுமி" என்று எழுதிக் கொடுத்திருப்பார், ஆதாரில் "மகாலட்சுமி". பிறந்த தேதி பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் இருக்காது. இருந்தாலும் அன்றைக்கு மதிப்பாகச் சொன்ன ஆண்டாக இருக்கும்.

இதைத் திருத்தப் போகும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: எந்தக் காகிதத்தை வேராக வைப்பது? படைவீரர் பெயரைப் பொறுத்தவரை சர்வீஸ் பதிவுதான் வேர். ஆதார், பான், வங்கி மூன்றையும் அதற்கு இசைவாக மாற்றுவது சுலபம், சீக்கிரமும் முடியும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அதனால் இ-சேவை மையத்தில் "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பி.பி.ஓ.வில் உள்ள எழுத்துகளைத் தாளில் பெரிதாக எழுதி, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே அடிக்கச் சொல்லுங்கள்.

மனைவி, பிள்ளைகள் பெயர் தப்பாக இருந்தால் கதை வேறு. அதற்கு, சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், பதிவை மாற்றும் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவை வெளியிட வேண்டும். ஸ்பர்ஷில் நீங்களே தட்டி மாற்ற முடியாது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு ரெக்கார்ட்ஸ் வெலிங்டனில், எம்.இ.ஜி.க்கும் (பொறியாளர் படை) ஏ.எஸ்.சி.க்கும் (வழங்கல் பிரிவு) பெங்களூரில், இ.எம்.இ.க்கு (இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவு) செகந்திராபாத்தில், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரில், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோட்டில், ஏ.எம்.சி.க்கு (மருத்துவப் பிரிவு) லக்னோவில். அனுப்ப வேண்டியவை: படைவீரர் கையெழுத்திட்ட விண்ணப்பம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரம், முழுப் பெயர் மாற்றமானால் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வந்த விளம்பரத்தின் முழுப் பக்கம் (வெட்டிய துண்டை அனுப்பினால் திரும்பி வரலாம்), ஆதார், பான், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் குடும்பப் பக்கம், பி.பி.ஓ. நகல். இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அவர்கள் வழியாகவே அனுப்புவது நல்லது. கடித எண் ஒன்று கையில் கிடைக்கும். ரெக்கார்ட்ஸ் ஒப்புக்கொண்டால் அவர்கள் பி.சி.டி.ஏ.க்கு எழுதி, திருத்தப்பட்ட இ-பி.பி.ஓ. வரும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. இதைக் கணவர் இருக்கும்போதே செய்தால் ஒரு விண்ணப்பம், ஒரு பிரமாணப் பத்திரம். அவர் போன பிறகு செய்தால் வாரிசுச் சான்று, திருமணச் சான்று, விசாரணை என்று ஒன்றுக்கு நாலாகும், அத்தனை நாளும் வீட்டுக்குப் பணம் வராது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் மருத்துவச் சான்றோடு அந்தப் பெயரையும் இப்போதே பி.பி.ஓ.வில் ஏற்றிவிடுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஃபேமிலி பென்ஷன் வாழ்நாள் முழுவதும் உண்டு.

லைஃப் சர்டிபிகேட் பகுதி முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் இருந்தால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்; ரேகை தேய்ந்துபோன கைகளுக்கு இது பெரிய விடுதலை. விழும் இடங்கள் மூன்று. பணம் வழங்கும் அமைப்பு என்ற கட்டத்தில் பழைய நினைப்பில் வங்கிப் பெயரைத் தேர்வது, தேர வேண்டியது "ஸ்பர்ஷ் - பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்". பென்ஷனை அனுமதித்த அதிகாரம் (சாங்ஷனிங் அத்தாரிட்டி) என்ற கட்டத்தில் தரைப்படைக்கு "டிஃபென்ஸ் - பி.சி.டி.ஏ. பி அலகாபாத்", கடற்படைக்கு பி.சி.டி.ஏ. நேவி மும்பை, விமானப்படைக்கு சுப்ரதோ பார்க். இரண்டாவது, கணவர் இறந்த பிறகும் பென்ஷன் வகையில் "சர்வீஸ்" என்று விடுவது. "ஃபேமிலி" என்று மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பிரமாண் எண் வந்துவிட்டாலே வேலை முடிந்ததாக நினைப்பது. அந்தச் சான்று ஸ்பர்ஷ் பக்கத்தில் பெயரும் பி.பி.ஓ. எண்ணும் ஒத்துப்போய் ஏற்கப்பட வேண்டும். சில நாள் கழித்து லாகினில் அடுத்த அடையாளச் சரிபார்ப்புத் தேதி ஓர் ஆண்டு தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் சரி. போகவில்லையென்றால் பழைய முறையில் கையெழுத்துச் சான்றை ஸ்கேன் செய்து ஏற்றலாம். படைவீரர் பென்ஷனோடு வேலை பார்த்த இன்னொரு அரசுத் துறையின் பென்ஷனும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சான்று.

நவம்பரில் போன் செய்து "உங்கள் பென்ஷன் நிற்கப் போகிறது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று ஓ.டி.பி. கேட்பவர்கள் திருடர்கள். இலவச எண் 1800-180-5325க்கு நீங்கள் கூப்பிடலாம், ஓ.டி.பி. கேட்டு யார் கூப்பிட்டாலும் துண்டித்துவிடுங்கள்.

போன் எண் மாறிவிட்டால், கடவுச்சொல் மறந்துவிட்டால், ஸ்மார்ட்போனே இல்லாவிட்டால் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். ஊர்ப் பொதுச் சேவை மையம், குறிப்பிட்ட வங்கிக் கிளைகள், டி.பி.டி.ஓ., சென்னையில் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள சி.டி.ஏ. (பாதுகாப்புக் கணக்கு) அலுவலகம் எல்லாம் இதில் சேர்த்தி. கட்டணத்தைப் பாதுகாப்புக் கணக்குத் துறை கொடுத்துவிடுகிறது. பென்ஷன்தாரர் கொடுக்க வேண்டியதில்லை. வேலூர் பக்கத்து கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவக்காரர் உள்ள ஊர்களில் கூட்டம் அதிகம் என்பதால் "அவசரமாக முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள், லாகின் கடவுச்சொல்லையும் அவர்கள் நோட்டில் எழுதிவிட்டு வராதீர்கள்.

ஒருவர் இறந்தால் நடக்க வேண்டியது என்ன? மரணத்தைத் தெரிவிக்க முகப்புப் பக்கத்திலேயே வழி இருக்கிறது, லாகின் தேவையில்லை. பி.பி.ஓ. எண், இறந்த தேதி, இறப்புச் சான்று, சொல்பவரின் போன் எண். இதற்கும் முன்னால் ஒரு வேலை. இறப்பைப் பதிவு செய்யும்போது ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ வாயால் பெயரைச் சொல்லாமல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நீட்டி அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். துக்க வீட்டில் யாரோ ஒரு மச்சான் போய் "முருகன் நாயக்கர்" என்று சொல்லிவிட்டு வந்தால் அந்தச் சான்றைத் திருத்துவது தனி அலைச்சல்.

பிறகு மனைவியின் ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ. பி.பி.ஓ.வில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ரெக்கார்ட்ஸ் வரை போகாமலே ஃபேமிலி பென்ஷன் தொடங்கும். படைவீரர் இறந்த நாள்வரைக்கும் அவருடைய பென்ஷன், மறுநாளிலிருந்து ஃபேமிலி பென்ஷன். தெரிவிக்கத் தாமதமாகி அவர் கணக்கில் முழுப் பென்ஷன் விழுந்துகொண்டே இருந்தால் அந்த அதிகப் பணம் பின்னால் பிடிக்கப்படும். ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறது என்று எடுத்துச் செலவழித்தால் தொல்லை.

ஓய்வுக்குப் பின் இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் கூடுதல் விகிதம். அது 7 ஆண்டு, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள், எது முந்தியோ அதுவரை. அதன்பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய், டி.ஆர். தனி. ஒரு மாதம் திடீரென்று தொகை சரிந்ததும் "ஸ்பர்ஷ் பணத்தைத் தின்றுவிட்டது" என்று புகார் போகிறது. தளத்தின் குறை, அந்தத் தேதியை முன்கூட்டியே கொட்டை எழுத்தில் சொல்லாததுதான்.

போரில் இறந்தவர், காயம் பட்டவர் விஷயத்தில் தளத்தைவிட முக்கியமானது ஓர் எழுத்து. மரணத்தையும் ஊனத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ, பணிக்குத் தொடர்பில்லாத காரணம். பி, பணியால் வந்த அல்லது கூடிய நோய். சி, பணியில் நடந்த விபத்து. டி, தீவிரவாதிகள், சமூக விரோதிகள் போன்றோரின் வன்முறை. இ, எதிரியோடு போர், அதை ஒத்த நடவடிக்கை. கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். ஏ வகையில் சாதாரண ஃபேமிலி பென்ஷன்: பணியில் இருக்கும்போது இறந்தால் 10 ஆண்டுக்கு 20,000, பிறகு 12,000. பி, சி வகையில் சிறப்பு ஃபேமிலி பென்ஷன் 60 சதவீதம், 24,000. டி, இ வகையில் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், முழுச் சம்பளமான 40,000. எல்லாவற்றுக்கும் டி.ஆர். மேலே. ஒரே சிப்பாய், ஒரே சம்பளம். அந்த எழுத்து மாறினால் வீட்டுக்கு வருவது மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது.

இந்த எழுத்தை முடிவு செய்வது யூனிட் அனுப்பும் கேஷுவல்டி (உயிரிழப்பு, காயம்) அறிக்கையும் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணையும். ஸ்பர்ஷுக்கு வருவது முடிவு மட்டும். அதனால் இ-பி.பி.ஓ. வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, எந்த வகைப் பென்ஷன் என்று எழுதியிருப்பதை. பேட்டில் கேஷுவல்டி சான்று, விசாரணை நடவடிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்ட் டூ ஆர்டர் நான்கையும் யூனிட் ஆட்கள் வீட்டுக்கு வந்து போகும் நாள்களிலேயே கேட்டு வாங்குங்கள். யூனிட் இடம் மாறி, எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டால் தகவல் உரிமை மனுதான் கதி.

கருணைத் தொகை இதில் சேராது. தனியாக ஒரே தடவை வருவது. 2016 ஜனவரி 1 முதலான விகிதப்படி பணியில் விபத்து அல்லது தீவிரவாதிகளின் வன்முறை என்றால் 25 லட்சம். எல்லைச் சண்டை, தீவிரவாதிகள் மீதான நடவடிக்கை, குறிப்பிட்ட உயரமான இடங்களில் பணியின்போது இறப்பு என்றால் 35 லட்சம். போரில் எதிரியால் என்றால் 45 லட்சம். பனிமலையில் மூச்சுத் திணறி இறந்தவர் வீட்டுக்கு 35 லட்சம் கிடைத்ததாலேயே லிபரலைஸ்டு பென்ஷனும் வரும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் விதி வேறு. குரூப் இன்ஷூரன்ஸ், மாநில அரசின் உதவி எல்லாம் அவரவர் வாசலில். ஸ்பர்ஷ் ஸ்லிப்பில் தேடிப் பயனில்லை.

காயம் பட்டவருக்கு: ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பொதுவாகத் தொகை இல்லை. அதற்கு மேல் ரவுண்டிங் உண்டு. 50க்குக் கீழ் உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கொள்ளப்படும். அதே 40,000 சம்பளத்தில், மெடிக்கல் போர்டு 40 சதவீதம் என்று எழுதியவருக்கு 50 என்று கணக்கிட்டால் சாதாரண ஊனத் தொகை 6,000. 100 சதவீதத்துக்கு 30 சதவீதச் சம்பளம் என்பதால் அது. போர்க்காயத்தால் பணியிலிருந்து அனுப்பப்பட்டவருக்கு 100க்கு முழுச் சம்பளம்; ஆக 20,000. காலம் முடித்து வீட்டுக்கு வந்தவர்களுக்கும் ரவுண்டிங் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. பழைய பி.பி.ஓ.வில் ரவுண்டிங் ஏறாமல் அப்படியே வந்திருந்தால் புகார் போட வேண்டும்.

புகார்ப் பகுதிக்கு 5க்கு 2. எண் உடனே கிடைக்கிறது, நிலையும் காட்டுகிறது. ஆனால் "ரெக்கார்ட்ஸை அணுகவும்" என்று ஒரு வரியில் மூடிவிட்டால் அதையும் தீர்ந்த கணக்கில் வைப்பார்கள். ஒரு புகாரில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். "பென்ஷன் குறைவாக வருகிறது" என்று எழுதாமல் "தகுதி சர்வீஸ் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 17 ஆண்டு 6 மாதம், இ-பி.பி.ஓ.வில் 17, திருத்தவும்" என்று எழுதி இரண்டு பக்கத்தையும் இணையுங்கள். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிய விண்ணப்பம் உங்கள் லாகினிலேயே காத்துக் கிடக்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் சி.பென்கிராம்ஸ் என்ற பென்ஷன் புகார்த் தளம். பி.சி.டி.ஏ. நடத்தும் பென்ஷன் அதாலத், குறைதீர் முகாம் உங்கள் மாவட்டத்துக்கு வந்தால் கட்டாயம் போங்கள். கணினியில் மாதக்கணக்கில் நிற்பது சில நேரம் அங்கே மேசையிலேயே முடிகிறது.

ஊனத் தொகை மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் இரண்டாவது. கடைசியில் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயம். பல ஆண்டு கழித்துப் போனாலும் மாதாமாதம் தொடரும் பாக்கி என்பதால் வழக்கை ஏற்பார்கள். ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிப்படி, நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். ஸ்பர்ஷ் புகார் நிலுவையில் இருக்கிறதே என்று காத்திருப்பவருக்கு அந்த மூன்று ஆண்டுக் கணக்கு நிற்காது.